மஞ்சள் இலை சொல்லும் செய்தி

வெலிமடைப் பகுதியில் வசிக்கும் அம்மையார் ஒருவரிடமிருந்து சென்ற மாதம் எமக்கு ஒரு கடிதம் வந்தது. இப்பகுதியில் நாம் எழுதிவருவனவற்றை ஞாயிறுதோறும் தம் வீட்டில் உரக்க வாசிப்பது வழக்கம் என்று கூறிவிட்டு, தமக்கு நேர்ந்த இடரை அவர் விவரித்திருந்தார்.

வீட்டை அடுத்துள்ள சிறு நிலத்தில் அவர் போஞ்சி பயிரிட்டிருக்கின்றார். ஐந்து வாரங்கள் வரை செழித்து நின்ற கொடிகளின் அடியிலைகள் பின்னர் மஞ்சளாகத் தொடங்கின. நரம்புகள் பச்சையாகவே இருக்க, அவற்றுக்கு இடைப்பட்ட பாகம் மாத்திரம் வெளிறிற்று. உயர்தர வகுப்பில் விவசாயம் பயிலும் மகன், "அம்மா, இது நைதரசன் குறைபாடு" என்றான். அவன் சொற்படி யூரியா இட்டார், பயன் இல்லை. இரண்டாம் முறையும் இட்டார். தளிர்கள் கரும்பச்சையாயின, அடியிலைகளோ முன்னிலும் விரைவாக மஞ்சளித்து உதிர்ந்தன. மாமியார், "அடுப்புச் சாம்பலை அள்ளிப் போடு" என்கிறார். மகனோ தன் சொல் பொய்த்துவிட்டதென்று புத்தகத்தைத் தொடவும் மனமின்றி இருக்கின்றான். "பசளைக்குக் கொடுத்த காசு போனாற் போகட்டும், அவன் படித்த படிப்புப் பிழையா, நான் செய்த வேலை பிழையா என்பதை மட்டும் சொல்லுங்கள்" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

இதற்கு இரண்டு வரியில் விடை எழுதித் தபாலில் அனுப்பியிருத்தல் கூடும். ஆயினும் இத்தகைய ஐயம் ஒரு வீட்டிற்கு மாத்திரம் உரியதன்று. வளவில் நான்கு செடி வைத்திருக்கும் எவரும் மஞ்சள் இலையைக் கண்டு திகைத்தே இருப்பர். மேலும், அந்தப் பிள்ளை செய்த பிழையை நாமும் ஒரு காலத்திற் செய்திருக்கின்றோம். ஆகவே இவ்வாரம் போஞ்சியின் பசியைப் பற்றியே பேசுவோம்.

இரண்டு அவுன்சு

செடி எதை உண்டு வாழ்கின்றது என்பது மிகப் பழைய கேள்வி. புரூசெல்சு நகரத்து மருத்துவரான வான் எல்மொண்டு என்பார் இதற்கு விடை காண முயன்றார். 200 இறாத்தல் உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோ மரக்கன்றொன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீரை மாத்திரம் வார்த்து வந்தார். முடிவில் மரத்தின் நிறை 169 இறாத்தலுக்குச் சற்று மேலாயிருந்தது. மண்ணை உலர்த்தி நிறுத்தபோது அதிற் குறைந்திருந்தது ஏறத்தாழ 2 அவுன்சு மாத்திரமே. மரம் முழுவதும் நீரால் ஆயது என்று அவர் முடிவு கட்டினார். அவர் மறைந்த பின்னர், 1648 ஆம் ஆண்டில், இச்சோதனையைக் கூறும் அவருடைய நூல் வெளியாயிற்று.

அம்முடிவு பிழையானது. இலைகள் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உட்கொண்டு உடலை வளர்க்கின்றன என்பதை அவர் அறியார். அதனினும் சுவையான விடயம் ஒன்றுண்டு. அற்பமென்று அவர் தள்ளிவிட்ட அந்த இரண்டு அவுன்சிலேதான் இன்று நாம் பேசப் போகும் கதை முழுவதும் அடங்கியிருக்கின்றது.

செடிக்கு இன்றியமையாத மூலகங்கள் 17 என்பது இன்றைய கணக்கு. காபன், ஒட்சிசன், ஐதரசன் என்னும் மூன்றும் காற்றாலும் நீராலும் கிடைப்பன. எஞ்சிய 14 மூலகங்களும் மண்ணிலிருந்து வேர் வழியே வரவேண்டியவை. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், கல்சியம், மகனீசியம், கந்தகம் ஆகிய ஆறும் சற்றுக் கூடுதலாக வேண்டப்படுவன. இரும்பு, மாங்கனீசு, நாகம், செம்பு, போரன், மொலித்தனம், குளோரீன், நிக்கல் ஆகிய எட்டும் மிகச் சிறிதளவே வேண்டப்படுவன. சிறிதளவே வேண்டும் என்பதற்காக அவை இல்லாமலே சமாளிக்கலாம் என்று எண்ணுதல் தகாது. ஒரு பானை சோற்றுக்கு உப்பு எவ்வளவு என்பதை இல்லத்தரசியர் அறிவர்.

உயிரின் கணக்கு

செடியின் ஒவ்வொரு கலத்துள்ளும் ஓயாது வேலை நடக்கின்றது. வெயிலின் சக்தியைக் கொண்டு வெல்லம், அதாவது சீனி இனப் பொருள், ஆக்கப்படுகின்றது. அது மாப்பொருளாகச் சேமிக்கப்படுகின்றது. வேண்டும்போது கரைக்கப்பட்டு வேருக்கும் காய்க்கும் அனுப்பப்படுகின்றது. அங்கே எரிந்து சக்தி தருகின்றது. நைதரசனோடு கூடிப் புரதமாகின்றது. இவ்வாறு ஆக்குதலும் அழித்தலும் அனுப்புதலுமாகிய வேலைகள் அனைத்தையும் சேர்த்து அனுசேபம் என்பர். இவ்வேலைகளைச் செய்து முடிப்பவை நொதியங்கள். மண்ணிலிருந்து வரும் மூலகங்களிற் பல இந்நொதியங்களின் கையிற் கருவிகளாய் அமைகின்றன.

ஒரு வீட்டிலே அரிசி உண்டு, விறகு உண்டு, பானை உண்டு, தீப்பெட்டி மாத்திரம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் பட்டினியாற் படுப்பர். அரிசியோ மூட்டையாய் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர், "சோறில்லை, ஆகவே அரிசி வாங்கிக் கொடுப்போம்" என்று இன்னொரு மூட்டையைக் கொணர்ந்து இறக்கினால் என்ன பயன்? செடியின் குறைபாடும் இத்தகையதே. இல்லாத பொருள் எது என்பதோடு, அது இல்லாமையால் எந்த வேலை நின்றது என்பதையும் அறிதல் வேண்டும்.

மூத்த இலையும் இளைய இலையும்

இதனை அறிவதற்கு இயற்கையே ஓர் எளிய வழியை வைத்திருக்கின்றது. முதலிற் பார்க்க வேண்டியது நிறத்தையன்று, இடத்தையே.

நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகிய நான்கும் செடிக்குள் இடம்பெயர வல்லவை. இவற்றுள் ஒன்று குறையுமானால், செடி தன் மூத்த இலைகளிலிருந்து அதனை எடுத்துத் தளிருக்கு அனுப்பிவிடும். தாம் உண்ணாது பிள்ளைக்கு ஊட்டும் பெற்றோரைப் போல, அடியிலைகள் முதலில் வாடும். கல்சியம், இரும்பு, போரன் என்பன அவ்வாறு எளிதில் இடம்பெயரா. இவை குறையுமிடத்து அடியிலைகள் நலமாயிருக்கத் தளிர்களே முதலில் துன்புறும்.

இடத்தைக் கண்டபின் நிறத்தைப் பார்க்கலாம். அடியிலை நரம்போடு சேர்ந்து முழுவதும் ஒரே சீராக வெளிறினால் நைதரசன் குறைவெனக் கொள்ளலாம். நைதரசன் இன்றேல் புரதம் இல்லை. புரதம் இன்றேல் நொதியமும் இல்லை. அடியிலையின் ஓரம் கருகினாற் பொற்றாசியத்தை நினைக்க வேண்டும். அடியிலையில் நரம்பு பச்சையாயிருக்க இடைப்பாகம் மாத்திரம் மஞ்சளித்தால், அது பெரும்பாலும் மகனீசியத்தின் குறை. அதே கோலம் தளிரிலே தோன்றுமாயின் இரும்பின் குறை.

பொசுபரசின் குறையோ ஏமாற்றும் இயல்புடையது. அதிலே மஞ்சள் தோன்றாது. செடி குறுகி நிற்கும். ஆனால் இலை கரும்பச்சையாய் இருக்கும். பசுமையைக் கண்டு நாம் மகிழ்ந்திருப்போம். பூக்கும் காலம் வந்தபோதுதான் உண்மை விளங்கும்.

இங்கே போஞ்சிக்கே உரிய ஒரு செய்தியையும் கூறல் வேண்டும். அவரையினச் செடிகளின் வேரிலே சிறுகணுக்கள் உண்டு. அவற்றுள் வாழும் பற்றீரியங்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உதவுகின்றன. இதனை எல்றீகல், வில்பாத்து என்னும் செருமானிய அறிஞர் இருவர் 1886 ஆம் ஆண்டில் உலகிற்கு உணர்த்தினர். நன்கு தொழிற்படும் சிறுகணுவை நகத்தாற் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். எமது குருதியின் ஈமோகுளோபினுக்கு இனமான ஒரு பொருளே அந்நிறத்திற்குக் காரணம்; அதிலும் இரும்பு உண்டு. எனினும் அவரையினத்துள் போஞ்சி இத்தொழிலிற் சற்றுச் சோம்பலானது. அன்றியும், யூரியாவை அள்ளிக் கொடுத்தால் சிறுகணுக்கள் உண்டாவதே குறைந்துவிடும். கேளாமலே கிடைக்கும் பொருளுக்கு எவர்தான் உழைப்பர்?

களஞ்சியம் நிறைய, வேருக்குப் பட்டினி

இனி அம்மையாரின் போஞ்சிக்கு வருவோம். அடியிலை, நரம்பிடையில் மஞ்சள்: குறி மகனீசியத்தையே காட்டுகின்றது. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூற்றின் நடுவிலும் ஒரு மகனீசிய அணு அமர்ந்திருக்கின்றது என்பதை மாணவர் அறிவர். ஆகவே மகனீசியம் குறைந்தாற் பச்சையம் குறையும், இலை மஞ்சளாகும் என்று சொல்லிவிடுவது எளிது. நாமும் நெடுங்காலம் வகுப்பில் அவ்வாறே சொல்லிவந்தோம். அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையுமன்று.

செருமனியில் இசுற்றட்காட்டு நகரை அடுத்துள்ள ஓகன்கைம் பல்கலைக்கழகத்திலே ஓசுற்று மார்சுனர் என்பாரும், துருக்கி நாட்டவரான இசுமாயில் சக்மாக்கு என்பாரும் போஞ்சிச் செடிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் இவ்விடயத்திற் பெரிதும் ஒளி பரப்பின. செடிகளை மண்ணில் நடாது, மூலகங்கள் அளந்து கலக்கப்பட்ட நீரிலே வளர்த்தனர். சில செடிகளுக்குப் பொசுபரசையும், சிலவற்றுக்குப் பொற்றாசியத்தையும், சிலவற்றுக்கு மகனீசியத்தையும் குறைத்தனர். பன்னிரண்டு நாட்களின் பின், உலர்த்திய தண்டும் இலையும் எவ்வளவு, உலர்த்திய வேர் எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்தனர். 1994 ஆம் ஆண்டில் வெளியான அவர்களுடைய கணக்கு வருமாறு.

நன்கு ஊட்டம் பெற்ற செடியில் வேரின் நிறையைப் போல் 4.9 மடங்கு மேற்பாகம் இருந்தது. பொசுபரசு குறைந்த செடியில் அது 1.8 மடங்காக வீழ்ந்தது. பொற்றாசியம் குறைந்ததில் 6.9 மடங்கு. மகனீசியம் குறைந்ததிலோ 10.2 மடங்கு.

இந்த நான்கு எண்களையும் சற்று நின்று நோக்குதல் தகும். பொசுபரசின்றிப் பசித்த போஞ்சி, மேலே வளர்வதை நிறுத்திவிட்டுத் தன் வெல்லத்தை வேருக்கு அனுப்பியது. "மண்ணிலே தேடு" என்று வேரை ஏவியது போலும். அவ்வேர்களில் வெல்லமும் மாப்பொருளும் மிகுந்திருந்தன. மகனீசியமின்றிப் பசித்த போஞ்சிக்கு அவ்வாறு செய்ய இயலவில்லை. அதன் இலைகளிலே வெல்லமும் மாப்பொருளும் குவிந்து கிடந்தன. வேரிலோ அவை மற்றெல்லாச் செடிகளிலும் குறைவாக இருந்தன. களஞ்சியம் நிறைந்திருக்க வேர் பட்டினி கிடந்தது.

காரணம் யாது? இலையிலே ஆன வெல்லத்தை உரியக் குழாய்களில் ஏற்றுவதற்குச் சக்தி வேண்டும். உயிர்க்கலங்களிலே சக்தியின் நாணயமாக வழங்குவது ஏ.ரீ.பி. என்னும் பொருள். அந்நாணயம் தனியே செல்லாது; மகனீசியத்தோடு கூடியபோதே நொதியங்கள் அதனை ஏற்கும். மகனீசியம் குறைந்தால் ஏற்றுமதி தடைப்படும். ஏற்றுமதி நின்ற ஆலையிலே சரக்குத் தேங்குவதுபோல் வெல்லம் தேங்கும். தேங்கவே புதிய ஆக்கமும் தளரும்.

இலை வேலையை நிறுத்தினாலும் வெயில் நிற்பதில்லை. பச்சையம் சூரிய சக்தியை வாங்கிக்கொண்டே இருக்கும். செலவிட வழியில்லாத அச்சக்தி ஒட்சிசனின்மீது பாய்ந்து, அதனைக் கேடு விளைக்கும் வடிவங்களாக மாற்றும். அவை இலையின் சவ்வுகளையும் பச்சையத்தையும் அரிக்கும். இதனையும் அவ்வாராய்ச்சியாளர் ஓர் அழகிய சோதனையாற் காட்டினர். மகனீசியமோ பொற்றாசியமோ நாகமோ குறைந்த போஞ்சியின் இலையிலே ஒரு பாகத்தை மறைத்து நிழல் செய்தனர். கடும் வெளிச்சம் பட்ட பாகம் மஞ்சளித்துக் கருகியது. நிழலில் இருந்த பாகம் பச்சையாகவே நின்றது. 1989 ஆம் ஆண்டில் இது வெளியாயிற்று.

ஆகவே அந்த மஞ்சள், பொருளின்மையின் நிறம் மாத்திரமன்று. பயன்படுத்த இயலாத மிகுதி இலையைச் சுட்ட வடுவுமாகும்.

நாம் செய்த பிழை

இச்சோதனையை முதன்முறை வாசித்த அன்று எமக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தை மறைக்காமற் கூறுகின்றோம்.

பட்டம் பெற்று ஆசிரியத் தொழிலிற் சேர்ந்த புதிதில், மலைநாட்டுப் பாடசாலை ஒன்றிற் சில ஆண்டுகள் கற்பித்தோம். அங்கே மாணவரைக் கொண்டு போஞ்சித் தோட்டம் ஒன்று போட்டோம். இந்த அம்மையார் எழுதிய அதே கோலத்தில் அடியிலைகள் மஞ்சளித்தன. நாமும் நைதரசன் குறைபாடென்று கூறி யூரியா இடச் செய்தோம். அப்போது பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு இலைகளைப் பறித்துக்கொண்டு எம்மிடம் வந்தான். "சேர், மேலே இன்னோர் இலை மூடியிருந்த இடம் மட்டும் பச்சையாக இருக்கிறது, வெயில் பட்ட இடந்தான் மஞ்சள். யூரியா இல்லாத குறை என்றால் முழு இலையும் அல்லவா மஞ்சளாக வேண்டும்?" என்று கேட்டான்.

நாம் என்ன செய்தோம்? "வெயில் பட்டால் இலை பழுக்கத்தான் செய்யும், போய்ப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்று" என்றோம். அவன் மறுபேச்சின்றிப் போய்விட்டான். இலைகள் இரண்டும் எமது மேசைமீது கிடந்து உலர்ந்தன. தோட்டம் அவ்வாண்டு காய்க்கவில்லை.

ஓகன்கைம் அறிஞர் நிழலிட்டுக் காட்டிய உண்மையை, எவ்விதக் கருவியுமின்றிக் கண்ணாலே கண்டு வந்தவன் அப்பிள்ளை. புத்தகத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டான் என்பதற்காக அவனை நாம் அனுப்பிவிட்டோம். அவன் பிற்காலத்தில் விஞ்ஞானம் பயிலவில்லை என்று கேள்வியுற்றோம். எமது ஒரு சொல்லே அதற்குக் காரணம் என்று கூறுதல் மிகையாகலாம். ஆயினும் அந்த இலைகள் இரண்டும் எம் மனத்தினின்று அகலவில்லை.

இருந்தும் இல்லாமை

குறைபாடு என்றவுடன் மண்ணில் அப்பொருள் இல்லை என்று எண்ணுவது இன்னொரு தவறு. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணின் செந்நிறமே இரும்பின் நிறம். ஆனால் சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இரும்பு கரையாத உருவில் உறைந்து கிடக்கும். வேர் அமிலத்தைச் சுரந்து அதனைக் கரைக்க முயலும். சுண்ணாம்பும் கிணற்று நீரின் காரத்தன்மையும் அம்முயற்சியைக் கெடுக்கும். தளிர் வெளிறும். மலைநாட்டு அமில மண்ணிலோ பொசுபரசு, இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து கிடக்கும். பெருமழை மகனீசியத்தைக் கழுவிச் செல்லும். ஒரே நாட்டிலே இரு மண். இரு வகைப் பசி.

ஒன்றின் மிகுதி மற்றொன்றைக் குறைவாக்குவதும் உண்டு. பொற்றாசியம் மிகுந்தால் வேர் மகனீசியத்தை உறிஞ்சுதல் குறையும். யூரியாவிலிருந்து தோன்றும் அமோனியமும் அவ்வாறே போட்டியிடும். பொசுபரசு மிகுந்தால் நாகத்தின் குறை வெளிப்படும். அம்மையார் யூரியாவை இரண்டாம் முறை இட்டபின் அடியிலைகள் விரைந்து மஞ்சளித்தமைக்குக் காரணம் இதுவே. ஒருபுறம் அமோனியத்தின் போட்டி. மறுபுறம் புதிதாக எழுந்த தளிர்கள் தமக்கு வேண்டிய மகனீசியத்தை அடியிலைகளிலிருந்து இழுத்துக்கொண்டன. மாமியார் சொல்லும் சாம்பல் நல்ல பொருளே. ஆனால் அதிலே பொற்றாசியம் மிகுதி. இந்த வேளையில் அதனை அள்ளிக் கொட்டினால் இடர் கூடுமேயன்றிக் குறையாது.

மிகச் சிறு பொருளின் பெருமைக்கும் அவரையினமே சான்று. இங்கிலாந்தின் உரோதம்சுதெட்டு ஆராய்ச்சி நிலையத்திலே கதரின் வாரிங்டன் என்னும் பெண்மணி, 1923 ஆம் ஆண்டில், போரன் இன்றி அகன்ற அவரைச் செடி வாழாது என்று நிறுவினார். இரண்டாண்டுகளின் பின் அதே நிலையத்தைச் சேர்ந்த வினிபிரட்டு பிரெஞ்சிலி என்னும் அம்மையாரும் தோர்ந்தன் என்பாரும், போரன் அற்ற செடியின் சிறுகணுக்களை ஆராய்ந்தனர். செடியையும் சிறுகணுவையும் இணைக்கும் குழாய்கள் அங்கே சரிவர உருவாகவில்லை. உணவு கிடைக்காத பற்றீரியங்கள், உதவுவதை விடுத்துச் செடியின் கலங்களையே தாக்கத் தலைப்பட்டன. கொடுக்கல் வாங்கல் நின்றால் நண்பனும் பகைவனாவான் என்பதை வேரிலும் காணலாம். ஆயினும் போரனைக் கண்டபடி இடுதல் ஆகாது. குறைவுக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள எல்லை மிக ஒடுங்கியது. போஞ்சியோ அதன் மிகுதியைத் தாங்காத பயிர்.

மூட்டையும் முழக்கமும்

எமது நாட்டிலே பசளையைப் பற்றிய பேச்சு அண்மைக் காலத்தில் மிகச் சூடாயிற்று. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. பயிர்கள் நலிந்து, கமக்காரர் வீதிக்கு வந்தபின், அவ்வாண்டு நவம்பரில் அத்தடை விலக்கப்பட்டது. இரசாயனப் பசளை யாவும் நஞ்சு என்றார் ஒரு சாரார். மூட்டையின்றி விளைவில்லை என்றார் மறு சாரார்.

போஞ்சியின் வேர் இம்முழக்கங்களைக் கேளாது. மாட்டெருவிலிருந்து வந்த நைத்திரேற்றும் மூட்டையிலிருந்து வந்த நைத்திரேற்றும் அதற்கு ஒன்றே. எருவுக்குத் தனிச் சிறப்பு உண்டு. அது மண்ணின் நீர்ப்பிடிப்பைக் கூட்டும், பல மூலகங்களைச் சிறிது சிறிதாகத் தரும். ஆனால் வேண்டிய காலத்தில் வேண்டிய அளவைத் தருமா என்பது வேறு கேள்வி. மூட்டைக்கும் அதன் எல்லை உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைத் தாண்டியிருக்கக் காணப்பட்டுள்ளது. மலசலகூடக் குழிகளோடு, பயிர் உண்ணாது விட்ட பசளைக்கும் அதிற் பங்குண்டு. செடிக்கு வேண்டாத யூரியா எங்கும் மறைந்துவிடுவதில்லை. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் நீரிலே வந்து சேருகின்றது.

மண்ணின் பசி மனிதரையும் அடையும். போஞ்சி விதையிலுள்ள இரும்பும் நாகமும் வேர் உறிஞ்சி அனுப்பியவையே. ஆபிரிக்காவின் உருவாண்டா நாட்டில் போஞ்சி விதை அன்றாட உணவு. அங்கே இரும்பு மிகுந்த போஞ்சி இனங்கள் 2010 ஆம் ஆண்டுக்குப் பின் கமக்காரருக்கு வழங்கப்பட்டன. அவற்றை உண்ட மாணவியரின் குருதியில் இரும்பு நிலை உயர்ந்தது என ஆராய்ச்சி காட்டியது. இத்தகைய பணிக்காக 2016 ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்றோருள் ஓவாத்து பூயிசு என்பாரும் ஒருவர்.

நான்கு செடிகள்

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து செய்ய வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் தரும் அறிவுரை. அது செடிக்கும் பொருந்தும். ஆகவே அம்மையாருக்கும் அவருடைய மைந்தருக்கும் நாம் கூறுவது இது.

முதலில் யூரியாவை நிறுத்துக. சாம்பலையும் இப்போதைக்கு ஒதுக்கி வைக்க. மஞ்சள் தொடங்கிய நிலையிலுள்ள நான்கு செடிகளைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் நூல் கட்டி அடையாளம் செய்க. மருந்துக் கடையிற் கிடைக்கும் எப்சம் உப்பு என்பது மகனீசியம் சல்பேற்றேயாகும். ஒரு லீற்றர் நீரில் 10 கிராம் வீதம் அதனைக் கரைத்து, மாலை வேளையில் இரண்டு செடிகளின் இலைகளில் மாத்திரம் தெளிக்க. மற்ற இரண்டுக்கும் வெறும் நீரைத் தெளிக்க. வாரம் ஒருமுறையாக இரண்டு வாரம் செய்து, குறிப்பேட்டிற் பதிந்து வருக. முன்பே மஞ்சளித்த இலை மீளாமற் போகலாம். அதற்கு மேலுள்ள இலைகள் பச்சையாய் நிற்கின்றனவா என்பதே பார்க்க வேண்டியது. நான்கு செடிகளும் ஒன்றுபோலவே இருந்தால் எமது கணிப்பும் பிழையென்று கொள்க. மஞ்சளுக்கு வைரசு நோயும் சிற்றுண்ணியும் காரணமாதல் உண்டு. அப்போது இலையோடும் மண்ணோடும் விவசாயப் போதனாசிரியரை நாடுதல் நன்று.

கணிப்புச் சரியானால், அடுத்த போகத்துக்கு முன் மண்ணைப் பரிசோதிக்கச் செய்து, அவர்கள் கூறும் அளவில் தொலமைற்று இடலாம். அது மகனீசியத்தையும் தரும், மண்ணின் அமிலத்தன்மையையும் குறைக்கும். தேயிலை நாட்டில் அது அரிதான பொருளன்று.

பாடசாலை மாணவர் இன்னொன்றையும் செய்து பார்க்கலாம். மஞ்சளிக்கத் தொடங்கும் இலையின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடிப் பத்து நாட்களின் பின் அகற்றி நோக்குக. விடியற்காலையில் நல்ல இலையொன்றையும் குறையுற்ற இலையொன்றையும் பறித்து, ஆசிரியரின் துணையோடு பச்சையத்தை நீக்கி, அயடீன் இட்டு மாப்பொருளைச் சோதிக்க. இரவு முழுவதும் ஏற்றுமதி செய்த இலை எது, ஏற்றுமதி தடைப்பட்ட இலை எது என்பது நிறத்தாலே விளங்கக் கூடும்.

"படிப்புப் பிழையா?" என்று அம்மையார் கேட்டிருந்தார். இல்லை. நைதரசன் குறைந்தால் அடியிலை மஞ்சளாகும் என்று பிள்ளை படித்தது சரியே. மஞ்சளான அடியிலை யாவும் நைதரசன் குறைந்தவை என்று அதனைத் திருப்பிக் கொண்டதே பிழை. அந்தப் பிழையைப் பட்டம் பெற்ற ஆசிரியரே செய்திருக்கின்றார் என்று அவனிடம் கூறுக. நரம்பு பச்சை, இடையே மஞ்சள் என்று கடிதத்திலே எழுதத்தக்க அளவு கூர்ந்து பார்த்த கண் அவ்வீட்டில் இருக்கின்றது. அந்தக் கண் இருக்கும்வரை புத்தகத்தை மூடிவைக்க வேண்டியதில்லை.

நான்கு செடிகளும் என்ன சொல்லின என்பதை அவனே எமக்கு எழுதட்டும். இம்முறை அக்கடிதத்தை மேசைமீது உலர விடமாட்டோம்.